வெள்ளைத்தாளின் அடியில் ஒரு கையெழுத்து

சார்,

இன்றைக்குக் காலையில் பார்வதி வெறும் பையோடு வந்தாள்.

அந்தப் பையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உரச் சாக்கை வெட்டி, இரண்டு பக்கமும் காது வைத்துத் தைத்த பை. ஹுன்னஸ்கிரிய தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி நம் ஆபீசுக்கு அவள் வரும்போதெல்லாம் அதில் ஏதாவது நிறைந்திருக்கும். லீக்ஸ், நோக்கோல், முள்ளங்கி, மழை நல்லபடி பெய்த மாதங்களில் போஞ்சி. அவள் மாடிப்படி ஏறும்போதே லீக்ஸ் மணம் முன்னால் வந்துவிடும். “ஹுன்னஸ்கிரிய வந்திருச்சு மிஸ், கதவத் தெறங்க” என்று உள்ளிருந்து சத்தம் போடுவீர்கள். நீங்கள் போன பிறகும் அவள் விடவில்லை. மாதம் ஒருமுறை கடுகண்ணாவைக்கு, என் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். மூன்று வருஷமாக அந்த லீக்ஸைக் கழுவி, வெட்டி, தேங்காய்ப்பூ போட்டு வதக்கித் தின்றிருக்கிறேன். அது தொண்டையில் இறங்கியதா என்று கேட்பீர்கள். இறங்கியது சார். அதுதான் வெட்கம்.

இன்றைக்கு அவள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். காய்ந்த மண் கொஞ்சம் விழுந்தது. அதிலும் லீக்ஸ் மணம் இருந்தது.

“வெறுங்கையோட வந்துட்டேன், கோவிச்சுக்காதீங்க மிஸ். போன வாரம் மெசின் வந்து மிச்சத்தையும் வழிச்சிருச்சு. இனி அங்க ஒண்ணுமில்ல.”

விழுந்த மண்ணைக் கையால் கூட்டி எடுக்கக் குனிந்தாள். “விடு பார்வதி, நான் கூட்டிக்கிறேன்” என்றேன். கதிரையில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. நின்றபடியே வந்த விஷயத்தைச் சொன்னாள்.

“புது லாயரம்மா ஒருத்தவங்களப் பாத்தோம். அன்னைக்கு சாரோட ஆபீசுல இருந்தவங்க யாராச்சும் வந்து நடந்தத சொன்னா, கேஸத் திரும்பத் தெறக்கக் கேக்கலாமாம். நீங்க இருந்தீங்கள்ல மிஸ்? கம்பனிக்காரங்க அந்தக் கள்ளக் கடுதாசிய எப்புடிச் செஞ்சாங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ல?”

நான் அவளுக்கு என்ன சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் இந்த மடல் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். நாளைக்கு ஒரு காகிதம் போகப்போகிறது. முப்பத்தோரு வருஷம் உங்கள் ஆபீசில் தட்டச்சு அடித்தவள் நான். உங்களிடம் காட்டாமல் ஒரு காகிதத்தையும் வெளியே அனுப்பியதில்லை. நீங்கள் செத்து மூன்று வருஷம் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

என் பெயர் ஒரு காகிதத்தில் இருப்பதே உங்களால்தானே. யுத்தம் நடந்த காலம். எனக்கு இருபத்துநாலு வயது. கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நின்றேன். அப்பா அம்மாவின் பிரசாவுரிமைப் பத்திரங்கள் எங்கேயோ சிக்கிக் கிடந்ததால் எனக்கு அடையாள அட்டை இல்லை. ஒரு நாள் சோதனைச் சாவடியில் என்னை ஒதுக்கி நிறுத்திவிட்டார்கள். கடை முதலாளி அடுத்த கட்டடத்து மாடிக்கு ஓடி, புதிதாகக் கறுப்புக் கோட்டுப் போட்டிருந்த உங்களைக் கூட்டிவந்தார். நீங்கள் அந்தக் கோட்டைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தீர்கள். சட்டம் படிக்கும் முன் நீங்கள் பள்ளிக்கூட வாத்தியார், மாணவர் படையணியில் லெப்டினன்ட். காக்கிப் படம் ஒட்டிய அந்தக் காலத்து அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டி, விறைத்து நின்று ஒரு சலூட் அடித்தீர்கள். அங்கிருந்த அதிகாரிக்குச் சின்ன வயது. என்ன செய்வதென்று தெரியாமல் அவரும் சலூட் அடித்துவிட்டார்.

வெளியே வந்ததும் நான் அழுதுகொண்டிருக்கிறேன், நீங்கள் சிரிக்கிறீர்கள். “கறுப்புக் கோட்டப் பாத்தா கேள்வி கேப்பாங்க. காக்கியக் கண்டா கால் தானாச் சேந்துக்கும்” என்றீர்கள். அதற்குப் பிறகு பதினொரு மாதம் என் பத்திரங்களுக்காக அலைந்தீர்கள். அட்டை கைக்கு வந்த அன்று, அதை நான் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “இந்த நாட்டுல நம்மாளுக்குக் காகிதந்தான் உசுரு மிஸ்” என்று சொன்னது நினைவிருக்கிறதா? தோட்டத்து லயத்தில் பிறந்த இரண்டு பேர் நாம். உங்களுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். பிறகு நாம் இரண்டு பேரும் சேர்ந்து காகிதத்தை என்ன செய்தோம் என்பதுதான் எனக்கு இன்னும் நம்ப முடியாமல் இருக்கிறது.

வெள்ளைத்தாள் பழக்கம் கெட்ட எண்ணத்தில் தொடங்கவில்லை. அதை நாளைக்கும் சொல்வேன். தோட்டத்து ஆட்கள் ஒரு நாள் கண்டிக்கு வந்தால் அன்றைக்குப் பேர் போய்விடும். பேர் போனால் அன்றைய சம்பளம் இல்லை. ஒரு சின்ன மனுவுக்காக, ஒரு கையெழுத்துக்காக, காலையில் பேர் பதியும் பிரட்டுக் களத்தில் தொரையிடம் கெஞ்சி லீவு எடுத்து, கைப்பிள்ளையோடு பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டு வருவார்கள். உங்களுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. “மொதல்ல வர்ற அன்னைக்கே ஆளுக்கு அஞ்சு வெள்ளைத்தாள்ல கையெழுத்து வாங்கிருங்க மிஸ். தேவப்படறப்ப மேல நாம அடிச்சுக்குவோம். பாவம், எத்தன தடவ அலைவாங்க?” என்றீர்கள்.

அப்படித்தான் நானும் வாங்கினேன். எழுதத் தெரிந்தவர்கள் தாளின் அடியில் கையெழுத்துப் போட்டார்கள். தெரியாதவர்கள் ஊதா மையில் பெருவிரலை அழுத்தினார்கள். ஒருத்தர்கூட “மேல ஒண்ணும் இல்லையே” என்று கேட்டதில்லை. கேட்டால் உங்களை அவமதித்ததாகிவிடும் என்று நினைத்தார்கள். லயத்துப் பிள்ளை லாயராகி உட்கார்ந்திருக்கிறது, அதனிடம் போய் என்ன கேள்வி? கை வைத்துவிட்டு விரலைத் தலையில் துடைத்துக்கொண்டு, “சாரு பாத்துக்குவாரு” என்று படியிறங்கிப் போவார்கள். பச்சை அலுமாரியின் கீழ்த்தட்டில் அந்தத் தாள்களைக் குடும்பவாரியாக அடுக்கி, நாடா கட்டி வைத்தவள் நான். அவ்வளவு ஒழுங்காக.

பார்வதி ஆட்களின் வழக்கு வந்தபோதும் அதே பழக்கம்தான். பத்தொன்பது குடும்பம். லயத்துக்குப் பின்னால் உள்ள சரிவில் தாத்தா காலத்திலிருந்து மரக்கறி போட்டு வந்த துண்டு நிலங்கள். தோட்டத்தை எடுத்து நடத்திய கம்பனி அந்தச் சரிவில் ஹோட்டல் கட்டப் பார்த்தது. நீங்கள் வழக்குப் போட்டு, முதல் மாதத்திலேயே தடை உத்தரவு வாங்கினீர்கள். அன்றைக்குக் கோர்ட்டு வாசலில் பார்வதியின் அப்பா மாரிமுத்து உங்கள் காலைத் தொடக் குனிந்ததும், நீங்கள் அவர் தோளைப் பிடித்து நிமிர்த்தி, “படையில குனியக்கூடாது பெரியவரே” என்றதும் எனக்கு நேற்றுப் போல இருக்கிறது.

அந்தத் துண்டுகளைப் பார்க்க நாம் மலையேறிய நாளைச் சொல்லட்டுமா? மண் சரிந்து பாதை மூடியிருந்ததால் வேனைக் கீழேயே விட்டுவிட்டு நடந்தோம். அளவைக்காரர் முன்னால், ஆட்கள் நடுவில், நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அட்டைக்கடியோடு. நீங்கள் எல்லாருக்கும் பின்னால் வந்தீர்கள். மாரிமுத்துவுக்குக் கால் நொண்டி. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டுப் பழுதான கால். அவர் நாலு அடி வைத்து நிற்பார், நீங்களும் நிற்பீர்கள். “நீங்க போங்க சார், நான் மெதுவா வாறேன்” என்று அவர் எத்தனையோ தடவை சொன்னார். நீங்கள் கேட்கவில்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் நான் எரிச்சலோடு, “ஒரு மணி நேரம் காத்துக்கிட்டு நிக்கிறோம்” என்றேன். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, “கடைசி ஆளு வந்து சேந்தாத்தான் நாம வந்து சேந்ததா கணக்கு மிஸ்” என்றீர்கள். படையணி காலத்துப் பாடம் என்று பிறகு சொன்னீர்கள். மாரிமுத்து ஒரு நோக்கோலைப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, கத்தியால் சீவி முதல் துண்டை உங்களுக்குக் கொடுத்தார். அந்த மனுஷனை, அந்தக் கடைசி ஆளை, நீங்கள் எப்படி மறந்தீர்கள்? நான் எப்படி மறந்தேன்?

வழக்கு இழுத்தது. ஒன்பது வருஷம். நீதிபதி மாறுவார், எதிர்ப்பக்கத்து வக்கீலுக்கு உடம்பு சரியில்லாமல் போகும், ஏதாவது ஒரு காகிதம் குறையும், தவணை விழும். ஒவ்வொரு தவணைக்கும் நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கசந்துபோனதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். “கோர்ட்டுல தவணதான் கெடைக்கும். சபையிலதான் காரியம் நடக்கும்” என்று ஒரு நாள் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டீர்கள். பிரதேச சபைத் தேர்தலுக்கு நின்றீர்கள். லயம் லயமாக நடந்து, அதே கால்களால், கடைசி வீடு வரைக்கும் ஏறி வாக்குக் கேட்டீர்கள். ஜெயித்தீர்கள். அந்தப் பத்தொன்பது குடும்பமும் உங்களுக்கு மாலை போட்டது. நான்தான் போய் மாலை வாங்கிவந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். எனக்கும் பெருமைதான்.

பிறகு வெள்ளைச் சட்டை வந்தது. வாசலில் வேன் வந்தது. போன் ஓயாமல் அடித்தது. கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனிதர், பெயர் வேண்டாம், உங்களைக் கூப்பிட்டுப் பேசினார். குடும்பங்கள் வழக்கை விட்டுக்கொடுத்தால் ஆளுக்கு ஒரு சின்ன வீட்டுக்குப் போதுமான ஏழு பேர்ச் காணியும் வீடும் தருவதாக. அடுத்த மாகாண சபைத் தேர்தலில் நிற்க உங்களுக்கு இடமும் தருவதாக. இரண்டாவதை நீங்கள் என்னிடம் சொல்லவில்லை. போனில் பேசியது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம். பள்ளிவாசலில் தொழுகை முடிந்து தெருவில் சனம் போய்க்கொண்டிருந்தது. நீங்கள் என் மேசைக்கு வந்து நின்றீர்கள்.

“மிஸ், ஹுன்னஸ்கிரிய ஃபைல எடுங்க. அந்த வெள்ளைத்தாள் எல்லாம் இருக்குல்ல?”

“இருக்கு சார். எதுக்கு?”

“இணக்கத்துக்குப் போறோம். திங்கக்கிழம மினிஸ்டர் கண்டிக்கு வாறார். அதுக்குள்ள ஃபைல் பண்ணிட்டா மேடையிலயே காணிய அறிவிச்சிருவார்.”

“அவங்களக் கேட்டாச்சா சார்?”

நீங்கள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தீர்கள். “கேட்டா வேணாம்னா சொல்லப் போறாங்க? ஏழு பேர்ச், வீடு. பொறந்ததுலருந்து கெடைக்காதது. நல்லதுதானே செய்யிறோம்?” என்றீர்கள்.

இணக்கக் கடிதத்தின் மாதிரியை நீட்டினீர்கள். வாசித்தேன். வழக்கை நிபந்தனையின்றி வாபஸ் பெறுகிறோம் என்று இருந்தது. காணி “பரிசீலிக்கப்படும்” என்று இருந்தது. “தருவோம்னு இல்லையே சார்?” என்று கேட்டேன். “அதெல்லாம் சட்டப் பாஷ மிஸ்” என்றீர்கள். நீங்களா சொன்னது! ஒரு காற்புள்ளிக்காக என்னை மூன்று தடவை திருப்பி அடிக்க வைத்த மனுஷன்.

நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை. உங்களைக் குற்றம் சொல்லும்போதெல்லாம் இந்த இடத்தில் வந்து நாக்கு நின்றுவிடுகிறது. கம்ப்யூட்டர் வந்த பிறகும் அந்தப் பழைய டைப்ரைட்டரை நாம் வைத்திருந்தது இந்த வெள்ளைத்தாள் வேலைக்காகத்தான். ஒவ்வொருத்தர் கைநாட்டும் ஒவ்வொரு உயரத்தில் இருக்கும். ஒருத்தர் தாளின் கடைசியில் வைத்திருப்பார், ஒருத்தர் நாலு விரல்கடை மேலே வைத்திருப்பார். எழுத்து கைநாட்டில் ஏறிவிடக்கூடாது. நடுவில் பெரிய இடைவெளி விழுந்தாலும் சந்தேகம் வரும். வரி இடைவெளியைத் தாளுக்குத் தாள் மாற்றி, கடைசி வரி கைநாட்டுக்குச் சரியாக ஒரு விரல் மேலே முடியும்படி அடிக்க இந்தக் கண்டியில் என்னைப்போல ஆள் இல்லை. பத்தொன்பது தாளும் ஒரு பிழை இல்லாமல் அடித்தேன். திகதி போட்டேன். நீங்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “பிரமாதம் மிஸ்” என்றீர்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது சார். அதையும் மறைக்கப்போவதில்லை.

பதினான்காவது தாள் மாரிமுத்துவுடையது. அவர் செத்து அப்போது மூன்று மாதம். சாவுக்கு நாம் இரண்டு பேரும் போயிருந்தோம். நீங்கள் குழி வரைக்கும் நடந்தீர்கள். என் கையால் அவர் பெயரை அடித்தேன், அவர் கைநாட்டைப் பார்த்துத்தான் வரியை நிறுத்தினேன். அந்த மனுஷன் உயிரோடு இல்லை என்பது எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்கும் தோன்றவில்லை. அவர்கள் எல்லாரும் நமக்கு அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை வந்தவர் மேடையில் வேறு என்னென்னவோ பேசிவிட்டுப் போனார். காணி என்ற சொல்லே வரவில்லை. இரண்டு மாதத்தில் சரிவின் மேல் பக்கத்துக்கு வேலி வந்தது. மாகாண சபைத் தேர்தலும் நடக்கவேயில்லை. பத்தொன்பது குடும்பத்திலிருந்தும் ஆட்கள் வந்து நம் மாடிப்படியில் நின்றார்கள். பார்வதி கோர்ட்டில் எடுத்த பிரதியைக் கையில் வைத்திருந்தாள். யாரோ அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள்.

“எங்கப்பா செத்து மூணு மாசங் கழிச்சு ஒத்துக்கிட்டதா போட்டிருக்கு சார். கம்பனிக்காரங்க கள்ளக் கைநாட்டு வச்சிருக்காங்க. செத்தவரையும் விடல பாத்தீங்களா” என்று உங்களிடம் நீட்டினாள்.

நீங்கள் வாங்கினீர்கள். அந்தத் தாளைப் பார்த்தபோது உங்கள் முகத்தில் இரத்தம் போனதை நான் பார்த்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். அந்த ஒரு தாளை வைத்தே இணக்கத்தை ரத்துச் செய்யக் கேட்டிருக்கலாம். உங்கள் கோட்டுப் போயிருக்கும், என் வேலை போயிருக்கும், நிலம் நின்றிருக்கும். நீங்கள் பிரதியை மடித்து மேசை மேல் வைத்து, “நான் பாக்கிறேன் பார்வதி. கொஞ்சம் டைம் குடு” என்றீர்கள். கம்பனி செய்தது என்று நீங்கள் சொல்லவில்லை. நாங்கள் செய்தது என்றும் சொல்லவில்லை. நான் உங்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கும் அவள் பையில் லீக்ஸ் இருந்தது. கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

அதற்குப் பிறகு நீங்கள் மனுஷனாக இல்லை. சபைக்குப் போவது நின்றது, கோர்ட்டில் மற்ற வழக்குகளையும் ஒவ்வொன்றாக ஒப்படைத்தீர்கள். சுவரில் இருந்த காக்கி உடுப்புப் படத்தை எடுத்து அலுமாரிக்குப் பின்னால் திருப்பி வைத்தீர்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. நாடே பெட்ரோல் வரிசையில் நின்ற அந்த வருஷம் ஹோட்டல் வேலையும் நின்றது. கீழ்ப் பக்கத்துத் துண்டுகள் அதனால் தப்பின. “பாத்தீங்களா, கடவுள் இருக்கார்” என்று ஒரு நாள் சொன்னீர்கள். நீங்கள் கடவுளைப் பற்றிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கடவுள் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு நாம் இரண்டு பேரும் சும்மா இருந்தோம்.

ஆஸ்பத்திரியில் உங்களை நான் கடைசியாகப் பார்த்தது பகல் பன்னிரண்டு மணிப் பார்வை நேரத்தில். சிறுநீரகம் இரண்டும் போய், கால் வீங்கி, படுக்கையில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தீர்கள். நான் கொண்டுபோன கஞ்சியைத் தொடவில்லை.

“மிஸ், பையில வெள்ளைத்தாள் இருக்கா?”

என் பையில் எப்போதும் இருக்கும். கொடுத்தேன். பேனாவைக் கேட்டீர்கள். தாளின் அடியில், நம் ஆட்கள் விரல் வைக்கும் அதே இடத்தில், கையெழுத்துப் போட்டீர்கள். அந்த நிலையிலும் கையெழுத்துப் பிசகவில்லை.

“நடந்தத மேல நீங்க அடிச்சுக்குங்க மிஸ். எனக்குச் சொல்ல வரல்ல” என்றீர்கள்.

எனக்கு வந்த கோபம் உங்களுக்குத் தெரியாது. சாகும்போதும் அதே வேலையை என் தலையில் கட்டினீர்களே! உங்கள் வாயால் சொல்ல உங்களுக்கு இரண்டு வருஷம் இருந்தது. பார்வதி மாதம் தவறாமல் வந்தாள். அந்தத் தாளை உங்கள் முகத்தில் வீசியிருக்க வேண்டும். வீசவில்லை. மடிக்காமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துவந்தேன். மூன்றாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்கள் மகன் கனடாவிலிருந்து வந்தார். அஞ்சலிப் பனரில் எந்தப் படம் போடுவது என்று வீட்டில் பேச்சு நடந்தது. காக்கியா, கறுப்புக் கோட்டா, வெள்ளைச் சட்டையா? வெள்ளைச் சட்டைதான் போட்டார்கள். பெட்ரோல் இல்லாததால் வாகனங்கள் அதிகம் வரவில்லை. பத்தொன்பது குடும்பத்திலிருந்தும் ஆட்கள் நடந்தும் பஸ்ஸிலும் வந்தார்கள். அவர்கள் லயத்தில் உங்களுக்காகத் துக்கத்துக்கு வெள்ளைக் கொடி கட்டியிருந்ததாகப் பார்வதி அழுதுகொண்டே சொன்னாள். எனக்கு அழுகை வரவில்லை.

சரி. இன்றைக்குக் காலைக்கு வருகிறேன்.

பார்வதி கேட்டதும் உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றினேன். கை வேலையாக இருக்கும்போது சொல்வது சுலபம் என்று நினைத்தேன். சுலபமாக இல்லை. கோப்பையை அவள் கையில் கொடுத்துவிட்டு, “பார்வதி, அது கள்ளக் கைநாட்டு இல்ல. உங்கப்பா வச்சதுதான். மேல இருக்கிறத அடிச்சது நான். அடிக்கச் சொன்னது சார்” என்றேன்.

அவள் புரியாமல் பார்த்தாள். வெள்ளைத்தாள், வெள்ளிக்கிழமை, மினிஸ்டர் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடிக்கும்வரை அவள் தேத்தண்ணியைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

“அப்போ எங்கப்பாவோட கைதானா அது?” என்று கேட்டாள்.

“அவர் கைதான்.”

“அஞ்சு வருசமா கம்பனிக்காரன மண்ண வாரித் தூத்துறேன் மிஸ்.” பிறகு, “கேட்டிருந்தா நான் வேணாம்னு சொல்லியிருப்பேன். அந்த மண்ணுலதான் எங்கப்பாவ வளத்தாங்க. ஏழு பேர்ச்ச வச்சு நான் என்னா செய்யிறது?” என்றாள். அவ்வளவுதான். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, “லாயரம்மாக்கிட்டப் போவோமா?” என்றாள். ரயிலில் கண்டி வரும்வரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வெறும் பை மடியில் கிடந்தது.

புது லாயர் ஒரு முஸ்லிம் பிள்ளை, முப்பது வயதிருக்கும். மேசையில் ஃபைல்கள் உங்கள் மேசையில் இருந்ததைவிட மோசமாகக் குவிந்து கிடக்கின்றன. நான் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டது. பிறகு பேனாவை வைத்துவிட்டுச் சொன்னது: “ஆன்டி, இத நீங்க சத்தியக் கடதாசியில சொன்னா உங்க மேலயும் வழக்கு வர ஏலும். மௌத்தானவர் எப்படி ஒத்துக்கிட்டார்ங்கிறத வச்சுத் திரும்பத் தெறக்கக் கேப்பேன். ஆனா நெலம் திரும்பக் கெடைக்கும்னு எனக்குச் சொல்ல ஏலாது. அங்க இப்ப அத்திவாரம் போட்டிட்டாங்க.” பார்வதியைப் பார்த்து, “உம்மா, இது பத்து வருஷமும் போகலாம்” என்றது. பார்வதி தலையாட்டினாள். அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது.

நான் பையிலிருந்து உங்கள் தாளை எடுத்து வைத்தேன். “சார் கையெழுத்து. மேல எழுதிக்கச் சொல்லிட்டுப் போனார். இது உதவுமா?” என்று கேட்டேன். அந்தப் பிள்ளை அதைத் தொடவில்லை. பேனாவின் பின் பக்கத்தால் என் பக்கம் தள்ளிவிட்டது.

“இதில நீங்க எழுதினா, அதுவும் அதே வேலதானே ஆன்டி?”

ஆமாம். அதே வேலைதான். மூன்று வருஷமாக எனக்கு அது தெரியாமல் இருந்திருக்கிறது.

என் சத்தியக் கடதாசியை அங்கேயே கையால் எழுதினேன். டைப் அடிக்கவில்லை. எழுதி முடித்து, கையெழுத்துப் போடும் முன் பார்வதிக்கு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் உரக்க வாசித்துக் காட்டினேன். யாருக்கும் இப்படி வாசித்துக் காட்டியது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. அதில் உங்கள் பெயர் நாலு இடத்தில் வருகிறது. என் பெயர் ஆறு இடத்தில். நாளைக்குக் காலையில் சமாதான நீதவான் முன்னால் கையெழுத்துப் போடுவேன். அதற்குப் பிறகு கண்டியில் உங்கள் பெயரை யாரும் நல்லபடி சொல்லமாட்டார்கள். பனரில் இருந்த அந்த வெள்ளைச் சட்டைப் படம் என்ன ஆகும் என்று உங்கள் மகனுக்கு எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை. எனக்கு அடையாள அட்டை வாங்கித் தந்த மனுஷனுக்கு நான் செய்யும் கைம்மாறு இது. இதனால் அந்தச் சரிவில் ஒரு நோக்கோல்கூட இனி முளைக்கப்போவதில்லை. தெரிந்தேதான் செய்கிறேன்.

பிரியும்போது பார்வதி பஸ் ஸ்டாண்டில் பையை விரித்துப் பார்த்தாள். உள்ளே ஏதோ இருக்கும் என்று நினைத்தவள் போல. பிறகு மடித்துக்கொண்டாள். “வாறேன்” என்று சொல்லாமல் ஏறிப்போனாள். எப்போதும் சொல்லிவிட்டுத்தான் போவாள்.

இப்போது ஐந்தேகால் ரயில் கணவாயில் ஏறும் சத்தம் கேட்கிறது. வாசலில் காலையில் விழுந்த மண்ணை நான் இன்னும் கூட்டவில்லை. உங்கள் தாள் என் முன்னால் இருக்கிறது. அடியில் உங்கள் கையெழுத்து, மேலே முழுக்க வெள்ளை. என்னென்னவோ எழுதலாம் சார். மன்னிப்பு என்று எழுதலாம், அதற்கு இடம் போதும். கடைசி வரியை உங்கள் கையெழுத்துக்கு ஒரு விரல் மேலே நிறுத்த எனக்கு இன்னும் தெரியும். எரிக்கவும் மாட்டேன், யாருக்கும் கொடுக்கவும் மாட்டேன், சாகும்வரை என் பையில்தான் இருக்கும். ஆனால் அதில் என்ன எழுதுவது என்று உங்களைக் கேட்க வேண்டும். கேட்காமல் இனி ஒருவர் கையெழுத்துக்கு மேலே ஒரு எழுத்தும் அடிக்க என்னால் முடியாது.

கேட்க நீங்கள் இல்லை.